உறங்கும் டாக்டர் உழைக்கிறாரா?

ஐரோப்பியக் கட்டளைகளும், தொழிலாளியின் நேரமும், கூலியும், ஓய்வும்

பால்டிக் கடலின் ஓரத்தில், ஜெர்மனியின் வடகோடியில், கீல் என்றொரு துறைமுகப் பட்டினம். அந்நகரசபையின் ஆஸ்பத்திரியில், அறுவைச் சிகிச்சைப் பிரிவைச் சேர்ந்த டாக்டர் ஒருவர், பகலில் எட்டு மணி நேரம் வேலை பார்த்து முடித்தபின் வீடு திரும்பாமல், ஆஸ்பத்திரிக்குள்ளேயே ஓர் அறையில் தமக்கென்று போட்டிருக்கும் கட்டிலை நோக்கி நடக்கிறார். அடுத்த பதினாறு மணி நேரமும் அவர் அக்கட்டடத்தை விட்டு அகலக் கூடாது. அழைப்பு வந்தால் எழுந்து ஓட வேண்டும், வராவிட்டால் உறங்கலாம். சனிக்கிழமையானால் இந்தக் காவல் 25 மணி நேரம். ஞாயிற்றுக்கிழமையானால் 22 மணி 45 நிமிஷம். மாதத்தில் ஆறு முறை இப்படி. காவலிருக்கும் நேரத்தில் சராசரி நூற்றுக்கு 49 பங்கு நோயாளிகளின் அருகில் கழிகிறது. எஞ்சியதில்தான் அவர் கண்ணயர வேண்டும், அதுவும் எந்த நிமிஷம் கதவு தட்டப்படுமோ என்ற எண்ணத்துடனேயே.

இந்த உறக்கம் ஓய்வா, உழைப்பா? அக்காலத்து ஜெர்மானியச் சட்டம் அதை ஓய்வு என்றே கணக்கிட்டது. டாக்டர் கூப்பிடப்பட்ட நேரம் மட்டுமே வேலை. யேகர் என்னும் அந்த டாக்டர் அதை ஒப்பவில்லை. வழக்கு ஜெர்மனியின் தொழில் நீதிமன்றங்களைக் கடந்து, லக்சம்பர்க் நகரிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றத்தை எட்டியது. 2003 செப்டம்பர் 9 அன்று நீதிபதிகள் தீர்ப்புரைத்தார்கள்: எஜமானர் குறித்த இடத்தில், எஜமானரின் அழைப்புக்குக் கட்டுப்பட்டு, குடும்பத்தையும் சுற்றத்தையும் விட்டு விலகி இருக்கும் ஒரு மனிதன், கட்டிலில் படுத்து உறங்கினாலும் வேலையில்தான் இருக்கிறான். 2004 ஜனவரி 1 முதல் ஜெர்மனியின் வேலை நேரச் சட்டம் திருத்தப்பட்டது.

எந்த ஆதாரத்தின்மேல் லக்சம்பர்க் நீதிபதிகள் ஜெர்மனியின் சட்டத்தைத் திருத்தினார்கள்? 1993 நவம்பர் 23 அன்று ஐரோப்பிய அரசுகள் கூடி நிறைவேற்றிய ஒரு கட்டளை அது. அத்தகைய கட்டளைகள் எவ்வாறு ஒரு நாட்டின் தொழிற்சட்டத்துக்குள் நுழைகின்றன, நுழையாமல் தடுக்கப்படும்போது யார் அவற்றை உள்ளே இழுத்து வருகிறார்கள் என்பதே இக்கட்டுரையின் விஷயம். நான் படித்த வழக்குகள் எல்லாவற்றிலும் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை ஒன்று: உரிமையை எழுதியவர்கள் மந்திரிகளும் பாராளுமன்ற அங்கத்தினர்களும், அதற்கு உயிர் கொடுத்தவர்களோ, பெரும்பாலும், தனியொருவராக நீதிமன்றப் படியேறிய தொழிலாளிகள்.

ஒரு கட்டளையின் பிரயாணம்

ஐரோப்பிய ஒன்றியத்தில் இன்று 27 நாடுகள். அந்த ஒன்றியம் இயற்றும் சட்டங்களில் ஒரு வகை, பிறந்த மாத்திரத்தில் எல்லா நாடுகளிலும் நேரடியாகச் செல்லுபடியாவது. மற்றொரு வகைதான் நாம் பேசும் கட்டளை. ஒன்றியத்தின் உடன்படிக்கையில் 288-ஆவது பிரிவு இதன் இலக்கணத்தைக் கூறுகிறது: அடைய வேண்டிய பலன் எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும், அதை எந்த வடிவத்தில், எந்த வழியில் அடைவது என்பது அந்தந்த நாட்டின் விருப்பம். கெடு, பொதுவாக, இரண்டு மூன்று வருஷம். ஆகவே மாட்ரிட் நகரத்துத் தொழிலாளி படிப்பது ஸ்பெயினின் சட்டத்தை. கோபன்ஹேகன் தொழிலாளிக்கோ பல சமயங்களில் சட்டமும் அல்ல, தொழிற்சங்கம் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தம். இரண்டிலும் பிரஸல்ஸில் எழுதிய வாக்கியங்கள் வேறு உடையில் நிற்கின்றன.

பெரும்பாலான தொழிற் கட்டளைகள் விதிப்பது அடிமட்டத்தை மட்டுமே. அதற்கு மேலே எவ்வளவு உயர்வாகவும் ஒரு நாடு கொடுக்கலாம். கீழே இறங்கத்தான் தடை. கூட்டமாக ஆட்குறைப்பு செய்யும்போது கலந்து பேச வேண்டும், தொழில் கைமாறினாலும் வேலை நிபந்தனைகள் மாறக் கூடாது, பகுதி நேரத் தொழிலாளியையும் ஒப்பந்தத் தொழிலாளியையும் தாழ்வாக நடத்தக் கூடாது என்பனவெல்லாம் 1970-களிலிருந்து ஒவ்வொன்றாக வந்த கட்டளைகள். ஆனால் கூலியின் அளவு, சங்கம் சேரும் உரிமை, வேலைநிறுத்தம், கதவடைப்பு ஆகியவற்றில் ஒன்றியம் கைவைக்கலாகாது என்று உடன்படிக்கையின் 153-ஆவது பிரிவு வேலி போட்டிருக்கிறது. அந்த வேலி எங்கே நிற்கிறது என்பது பற்றிய சச்சரவைப் பின்னால் காண்போம்.

பெட்டிச் செய்தி: வேலை நேரக் கட்டளை சொல்வது
*(1993-இல் பிறந்து, 2003-இல் ஒன்றுசேர்த்து மறுபடி வெளியிடப்பட்டது)*

வாரத்துக்கு, ஓவர்டைம் உட்பட, சராசரி 48 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது.
ஒவ்வொரு 24 மணி நேரத்திலும் தொடர்ச்சியாக 11 மணி நேர ஓய்வு.
வாரத்தில் ஒரு முறை, அந்த 11 மணிக்கு மேல், இடையறாத 24 மணி நேர ஓய்வு.
நாளொன்றுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலையென்றால் இடைவேளை.
வருஷத்துக்கு நான்கு வாரம் சம்பளத்துடன் விடுமுறை. வேலையை விட்டு விலகும்போதன்றி இதற்குப் பதிலாகப் பணம் கொடுத்துவிட முடியாது.

கட்டில் கிளப்பிய புயல்

கீல் நகரத்து டாக்டருக்கு மூன்று வருஷம் முன்பே, 2000 அக்டோபரில், ஸ்பெயினின் வலென்சியா பிரதேசத்து டாக்டர்கள் இதே கேள்வியைக் கேட்டு இதே விடையைப் பெற்றிருந்தார்கள். ஆயினும் அரசுகள் உணர்ந்தது ஜெர்மானியத் தீர்ப்புக்குப் பின்னரே. இரவுக் காவல் முழுவதும் வேலையென்று கணக்கிட்டால், அதே ஆஸ்பத்திரியை நடத்த எத்தனை டாக்டர்கள் கூடுதலாக வேண்டும், அவர்களை எங்கிருந்து அமர்த்துவது, பணம் ஏது என்ற கேள்விகள் ஒவ்வொரு தலைநகரிலும் எழுந்தன. இக்கவலையைப் பொய்யென்று தள்ளிவிட நான் விரும்பவில்லை. ஒரு சிறிய ஊரின் ஆஸ்பத்திரியில் இரவு டாக்டர் இல்லாமற் போனால் நஷ்டம் நோயாளிக்கே. ஆனால் 24 மணி நேரம் விழித்த கையில் கத்தியைக் கொடுத்து அறுவைக்கு அனுப்புவதும் அதே நோயாளிக்குச் செய்யும் துரோகமல்லவா?

அரசுகள் கண்ட வழி வேறு. அக்கட்டளையிலேயே ஒரு வாசல் திறந்திருந்தது: தொழிலாளி தாமே சம்மதித்துக் கையெழுத்திட்டால் 48 மணி நேர வரம்பு அவருக்குப் பொருந்தாது. அதுவரை பெரும்பாலும் பிரிட்டன் மட்டுமே நுழைந்த அந்த வாசலில், தீர்ப்புகளுக்குப் பின்னர் ஜெர்மனியும் ஸ்பெயினும் வேறு பல நாடுகளும், முக்கியமாக மருத்துவத் துறைக்காக, நுழைந்தன. கட்டளையையே திருத்திக் காவல் நேரத்தைப் பிரித்து எண்ணும் முயற்சி ஐந்து வருஷம் நடந்து, 2009 ஏப்ரலில், ஐரோப்பியப் பாராளுமன்றமும் மந்திரி சபையும் இணங்க முடியாமல் முறிந்தது. பிரிட்டனில், பயிற்சி டாக்டர்களுக்குப் படிப்படியாகக் குறைத்துவந்த வரம்பு அதே வருஷம் ஆகஸ்ட் 1 அன்று 48 மணிக்கு வந்து நின்றது. தமிழ்நாட்டிலிருந்து அந்நாட்டு ஆஸ்பத்திரிகளுக்குச் சென்று வேலை செய்யும் டாக்டர்களின் டியூட்டி அட்டவணையும் அந்த எண்ணைச் சுற்றியே தயாராகியது.

நீதிமன்றமோ பின்வாங்கவில்லை. பெல்ஜியத்தின் நிவெல் நகரில் ஒரு தீயணைப்புத் தொண்டர், வீட்டிலேயே இருந்தாலும் அழைத்த எட்டு நிமிஷத்துக்குள் நிலையத்தை அடைய வேண்டும் என்ற நிபந்தனையில் கட்டுண்டிருந்தார். அந்த நேரமும் வேலை நேரமே என்று 2018 பிப்ரவரியில் தீர்ப்பாயிற்று. 2019 மே மாதம் ஸ்பெயினின் தொழிற்சங்கம் ஒன்று டாய்ச்சே வங்கியின்மேல் தொடுத்த வழக்கில், ஒவ்வொரு தொழிலாளியும் தினம் எத்தனை மணி நேரம் வேலை செய்தார் என்பதைப் பதிவு செய்யும் ஏற்பாட்டை எஜமானர்கள் வைத்தாக வேண்டும் என்றது. கணக்கே இல்லாத இடத்தில் ஓவர்டைமை நிரூபிப்பது எப்படி?

பெண்கள் தொடங்கிய வழி

கட்டளைகளின் கதையை இவ்விடத்தில் சற்றுப் பின்னோக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1957-இல் ரோமாபுரியில் கையெழுத்தான உடன்படிக்கையின் 119-ஆவது பிரிவு, ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்றது. இது வந்த காரணம் தர்ம சிந்தனை மட்டுமன்று. சம ஊதியச் சட்டத்தை முன்பே ஏற்றிருந்த பிரான்ஸ், பெண்களுக்குக் குறைந்த கூலி கொடுக்கும் அண்டை நாட்டுச் சரக்குகள் தன் சந்தையை நிரப்புமோ என அஞ்சியது. ஆறு நாடுகளும் கையெழுத்திட்டன. 1961 முடிவு என்று கெடு வைத்தன. பின்னர் அதை 1964 முடிவுக்குத் தள்ளின. அப்போதும் பிரிவு ஏட்டிலேயே கிடந்தது.

1966 பிப்ரவரியில், பெல்ஜியத்தின் லியேஜ் நகரை அடுத்த ஹெர்ஸ்டாலில், துப்பாக்கிகள் செய்யும் பெருந்தொழிற்சாலையின் சுமார் 3,000 பெண் தொழிலாளர்கள் இயந்திரங்களை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். பன்னிரண்டு வாரம் வேலைக்குப் போகவில்லை. அவர்கள் சுட்டிக்காட்டியது அந்த 119-ஆவது பிரிவையே. கேட்டது மணிக்கு 5 பிராங்க் உயர்வு, கிடைத்தது 2.75. தொகையில் பாதியளவே ஆயினும், எங்கோ ஓர் உடன்படிக்கையில் புதைந்து கிடந்த வாசகத்தைத் தொழிற்சாலை வாசலுக்குக் கொண்டுவந்த பெருமை அவர்களுடையது.

அதே நாட்டின் சபேனா விமானக் கம்பெனியில் கப்ரியேல் தெப்ரென் என்ற பணிப்பெண், அதே வேலை செய்த ஆண்களைவிடக் குறைந்த சம்பளம் பெற்று, நாற்பது வயதானதும், பெண்களுக்கு மட்டும் விதித்திருந்த வயது வரம்பின்படி 1968-இல் வேலையிலிருந்து அனுப்பப்பட்டார். எலியான் வோகெல்-போல்ஸ்கி என்னும் பெண் வக்கீல் அவருடைய வழக்கை எடுத்தார். 1976 ஏப்ரல் 8 அன்று லக்சம்பர்க் நீதிமன்றம், சம ஊதியப் பிரிவை ஒரு தொழிலாளி தன் நாட்டு நீதிமன்றத்தில் நேராகவே கேட்டுப் பெறலாம், எஜமானர் அரசானாலும் தனியார் கம்பெனியானாலும் சரியே என்றது. ஆனால் பழைய பாக்கிகள் அனைத்தும் கிளம்பினால் தொழில்கள் தாங்கா என்று பிரிட்டனும் அயர்லாந்தும் மன்றாடியதன் பேரில், முன்பே வழக்குப் போட்டவர்களைத் தவிர மற்றவர்கள் கடந்த காலத்துக்குக் கோர இயலாது என்றும் சொல்லிவிட்டது. ஐரோப்பாவின் எத்தனையோ பெண்கள் இழந்த சம்பளம் அந்த ஒரு பத்தியோடு போயிற்று. இதை எண்ணும்போது எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

சம ஊதியத்துக்கான கட்டளை 1975-இலும், வேலையில் சமமாக நடத்துவதற்கான கட்டளை 1976-இலும் வந்தன. வந்தபின்பும் சில நாடுகள் அவற்றைப் பெயரளவுக்கே ஏற்றன. ஜெர்மனியில் ஆண்கள் சிறைச்சாலையொன்றின் சமூக சேவகர் உத்தியோகத்துக்கு விண்ணப்பித்த பெண், பெண் என்பதற்காகவே நிராகரிக்கப்பட்டபோது, அந்நாட்டுச் சட்டப்படி அவருக்குக் கிடைக்கக்கூடிய நஷ்டஈடு விண்ணப்பத்துக்குச் செலவான 7.20 மார்க் மட்டும்! நஷ்டஈடு என்று ஒன்று உண்டானால் அது தவறு செய்பவனை மறுமுறை அஞ்ச வைக்கும் அளவுடையதாக இருத்தல் வேண்டும் என்று 1984-இல் லக்சம்பர்க் நீதிமன்றம் கூறியது. இவ்விதி பின்னர் பிரிட்டனிலும் வேலை செய்தது: பாரபட்ச வழக்குகளில் 6,250 பவுனுக்கு மேல் நஷ்டஈடு கிடையாது என்றிருந்த உச்சவரம்பு, மார்ஷல் என்ற பெண்மணியின் வழக்கில் 1993-இல் விழுந்தது.

சர்க்கார் சும்மா இருந்தால்?

அந்த மார்ஷலின் முதல் வழக்கு, 1986-இல் முடிந்தது, கட்டளைகளின் பலத்தையும் பலவீனத்தையும் ஒருங்கே காட்டுகிறது. அவர் பொதுச் சுகாதார நிர்வாகத்தில் உணவியல் நிபுணர். ஆண்கள் 65 வயது வரை வேலை பார்க்கையில் அவரை 62 வயதில் ஓய்வு பெறச் செய்தார்கள். கட்டளையை நிறைவேற்றாத அரசு, தன் தவறையே கேடயமாகப் பிடிக்க முடியாது. ஆகவே அரசின் ஊழியர் அரசுக்கு எதிராகக் கட்டளையை நேராகக் காட்டலாம் என்றது நீதிமன்றம். ஆனால் தனியார் எஜமானருக்கு எதிராக அது முடியாது, ஏனெனில் கட்டளை அரசுகளுக்கு இடப்பட்டதேயன்றிக் கம்பெனிகளுக்கு இடப்பட்டதன்று. ஒரே வேலை, ஒரே அநீதி. பக்கத்துக் கட்டடத்துத் தனியார் ஊழியருக்கோ நேரான வழி இல்லை.

அப்படியானால் தனியார் தொழிலாளி யாரிடம் போவார்? இந்தக் கேள்விக்கு இத்தாலியின் விசென்சா நகரிலிருந்து ஒரு விடை பிறந்தது. எஜமானர் திவாலானால் தொழிலாளியின் சம்பளப் பாக்கிக்கு உத்தரவாதம் செய்ய வேண்டும் என்ற 1980-ஆம் வருஷத்துக் கட்டளையை, 1983 அக்டோபர் 23-க்குள் சட்டமாக்கியிருக்க வேண்டிய இத்தாலிய அரசு, வாளாவிருந்தது. பிரான்கோவிச் என்ற தொழிலாளிக்கு ஓர் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி சுமார் 60 லட்சம் லிரா பாக்கி வைத்தது. ஜப்தி செய்யப் போன நீதிமன்றச் சேவகர் வெறுங்கையோடு திரும்பினார். தையல் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த 34 பேருக்கு 25 கோடி லிராவுக்கு மேல் பாக்கி. இவர்கள் அரசையே கூண்டிலேற்றினார்கள். 1991 நவம்பர் 19 அன்று வந்த தீர்ப்பு: கட்டளையைச் சட்டமாக்காததால் பிரஜைக்கு நஷ்டம் விளைந்தால், அதை அரசே ஈடு செய்ய வேண்டும். ஐரோப்பியத் தொழிற்சட்டத்தில் இதைவிடப் பெரிய தீர்ப்பு ஒன்றிரண்டே இருக்கக்கூடும்.

பிரான்கோவிச்சுக்கு இறுதியில் பயன் கிட்டவில்லை என்பது வருத்தமான சரித்திரம். எல்லாக் கடன்காரர்களுக்கும் பொதுவான திவால் நடவடிக்கைக்கு உட்படக்கூடிய எஜமானர்களிடம் வேலை செய்தவர்களையே அக்கட்டளை காக்கிறது என்று 1995-இல் விளக்கமளிக்கப்பட, அவர் அந்த வட்டத்துக்கு வெளியே நின்றார். மற்றவர்களுக்கு அவர் வெட்டிய வழியில் அவரால் நடக்க முடியவில்லை.

விடுமுறை என்னும் சொத்து

வேலை நேரக் கட்டளையை மிகவும் பிடிவாதமாக எதிர்த்த நாடு பிரிட்டன். ஜான் மேஜரின் அரசு, இது சுகாதாரமல்ல, சமூகக் கொள்கை; ஆகவே பெரும்பான்மை வாக்கால் எங்கள்மேல் சுமத்த முடியாது என்று வழக்காடியது. கெடு முடியப் பதினொரு நாள் முன்னதாக, 1996 நவம்பர் 12 அன்று, நீதிமன்றம் அவ்வாதத்தை நிராகரித்தது. வார ஓய்வில் ஞாயிற்றுக்கிழமையும் அடங்க வேண்டும் என்ற வாக்கியத்தை மட்டும் நீக்கியது. பிறகு ஆட்சி மாறி, 1998 அக்டோபர் 1 முதல் விதிகள் அமலாயின. சம்பளத்துடன் விடுமுறை என்பது அந்நாட்டுத் தொழிலாளிகளுக்குப் பொதுவான சட்ட உரிமையானது அன்றுதான். அதுவரை அது எஜமானரின் ஒப்பந்தத்தையும் தொழிற்சங்கத்தின் பலத்தையும் பொறுத்த விஷயம்.

அங்கேயும் ஒரு கண்ணி வைத்திருந்தார்கள். ஒரே எஜமானரிடம் தொடர்ச்சியாக 13 வாரம் வேலை செய்தவருக்கே விடுமுறை. சினிமாவிலும் ரேடியோவிலும் சில வார ஒப்பந்தங்களிலேயே பிழைக்கும் கலைத் தொழிலாளிகள் வருஷம் முழுவதும் உழைத்தும் ஒரு நாள் விடுமுறைக்கும் அருகதையற்றவர்களானார்கள். அவர்களுடைய தொழிற்சங்கமான பெக்டு வழக்காடி, 2001 ஜூன் 26 அன்று அந்த 13 வார நிபந்தனையை உடைத்தது.

அதன்பின் வந்த தீர்ப்புகள் விடுமுறையை ஒரு சலுகை என்ற நிலையிலிருந்து சம்பாதித்த சொத்து என்ற நிலைக்கு உயர்த்தின. நோயுற்று நீண்ட நாள் படுக்கையில் கிடந்தாலும் விடுமுறை சேர்ந்துகொண்டிருக்கும் (2009). ஜெர்மனியில், 140.5 நாள் விடுமுறை பாக்கியிருக்க ஒரு தொழிலாளி இறந்தபோது, அவர் மனைவிக்கு அதற்கான பணம் சேர வேண்டும் (2014). விடுமுறை எடுக்கும்படி எஜமானர் தெளிவாகத் தெரிவித்து வாய்ப்பளித்திருந்தாலன்றி, தொழிலாளி கேட்கவில்லை என்ற காரணத்தால் மட்டும் அது காலாவதியாகாது (2018).

இவற்றுள் என் உள்ளத்தைத் தொட்டது பிரிட்டனில் ஜன்னல் விற்பனை செய்த கிங் என்பவரின் வழக்கு. 1999 முதல் 2012 வரை, பதின்மூன்று வருஷம், கமிஷன் ஒன்றையே ஊதியமாகப் பெற்றுச் ‘சுயதொழில் செய்பவர்’ என்ற பெயரில் அவர் உழைத்தார். விடுமுறை எடுத்தால் அந்நாட்களுக்குச் சம்பளம் இல்லை. ஓய்வு பெற்றபின், உண்மையில் அவர் தொழிலாளியே என்று தீர்ப்பாயம் கண்டது. எடுக்காத விடுமுறைகளெல்லாம் காலாவதியாயின என்றது கம்பெனி. சம்பளம் கொடுக்க மறுத்ததால் எடுக்கப்படாத விடுமுறை, எத்தனை வருஷமானாலும் சேர்ந்தே வரும்; மறுத்தவரே அதன் விளைவை ஏற்க வேண்டும் என்று 2017 நவம்பரில் லக்சம்பர்க் கூறியது.

பெட்டிச் செய்தி: பிரிந்த பின் பிரிட்டன்

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகியபோது, கட்டளைகளிலிருந்து பிறந்த விதிகள் பிரிட்டனின் சொந்தச் சட்டமாகவே தொடர்ந்தன.
2024 ஜனவரி 1 முதல் ஐரோப்பியச் சட்டத்தின் மேலாதிக்கம் நீங்கியது. கிங் வழக்கின் பலன் உட்பட விடுமுறையைச் சேர்த்து வைக்கும் உரிமைகளை அரசு தன் விதிகளில் எழுதிக்கொண்டது.
வேலை நேரத்தை நாள்தோறும் விரிவாகப் பதிவு செய்யும் கடமை அவசியமில்லை என்று தளர்த்தப்பட்டது.
கட்டளையை நிறைவேற்றாத அரசிடம் நஷ்டஈடு கேட்கும் பிரான்கோவிச் உரிமை மறைந்தது.
நான்கு வாரத்துக்கு மேல் கூட்டி 5.6 வாரம் என்று 2009-இல் பிரிட்டனே விரும்பி அளித்த விடுமுறை நீடிக்கிறது.

எதிர்த்திசையில் வீசிய காற்று

ஐரோப்பியச் சட்டம் எப்போதும் தொழிலாளியின் பக்கமே சாய்ந்தது என்று எழுதினால் அது பொய்யாகும். 2004-இல், ஸ்வீடனின் வாக்ஸ்ஹோல்ம் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடக் கட்டட வேலைக்கு, லாட்வியாவின் லாவல் என்ற கம்பெனி தன் நாட்டுத் தொழிலாளிகளைக் கூட்டி வந்தது. ஸ்வீடனில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் கிடையாது. தொழிற்சங்கம் செய்துகொள்ளும் கூட்டு ஒப்பந்தமே சட்டத்தின் ஸ்தானத்தில் நிற்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்த கம்பெனியை, கட்டடத் தொழிலாளர் சங்கம் முற்றுகையிட்டது. 2007 டிசம்பர் 18 அன்று, அயல்நாட்டுக் கம்பெனி சேவை செய்யும் சுதந்திரத்துக்கு அம்முற்றுகை மாறானது என்று லக்சம்பர்க் தீர்ப்புரைத்தது. பின்னர் ஸ்வீடனின் தொழில் நீதிமன்றம் சங்கங்களையே நஷ்டஈடு செலுத்தச் செய்தது. அயல்நாட்டுக்கு அனுப்பப்படும் தொழிலாளிகளைக் காக்கவென்று 1996-இல் எழுதப்பட்ட கட்டளை, அவர்களுக்கு அதிகமாகக் கேட்கவொட்டாத உச்சவரம்பாகப் படிக்கப்பட்டது. அடிமட்டம் என்று போட்டது கூரையாகிவிட்ட இந்த வழக்கை வடக்கு ஐரோப்பியத் தொழிற்சங்கங்கள் இன்னும் மறக்கவில்லை. மறக்க வேண்டிய காரணமும் இல்லை. 2018-இல்தான், ஒரே இடத்தில் ஒரே வேலைக்கு ஒரே ஊதியம் என்ற தத்துவத்தின்மேல் அக்கட்டளை திருத்தப்பட்டு, 2020 ஜூலை 30 முதல் அமலாயிற்று. ஹங்கேரியும் போலந்தும் அதை எதிர்த்துத் தோற்றன.

அனுமதிச் சீட்டு இல்லாத தொழிலாளி

பாரிஸ் நகரத்து உணவகங்களின் சமையற்கட்டுகளிலும், ஐரோப்பாவின் பற்பல பட்டினங்களிலும், போரினால் பெயர்ந்த ஈழத்தமிழர்கள் வேலை செய்கிறார்கள். அவர்களுள் தங்கும் அனுமதிக்காக வருஷக்கணக்கில் காத்திருந்தவர்கள் அநேகர். அத்தகையோர் அறிந்துகொள்ள வேண்டிய வழக்கு ஒன்றுண்டு. துருக்கியைச் சேர்ந்த ஒருவர், அனுமதி காலாவதியான பின்னும் நெதர்லாந்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். கம்பெனி திவாலாயிற்று, சம்பளப் பாக்கிக்கான உத்தரவாத நிதியைக் கேட்டபோது, சட்டபூர்வமாகத் தங்காதவர் தொழிலாளியே அல்லர் என்று அந்நாட்டுச் சட்டம் கைவிரித்தது. 2014 நவம்பரில் லக்சம்பர்க் நீதிமன்றம் அதை ஒப்பவில்லை. திவால் கட்டளை காப்பது தொழிலாளியை. உழைத்துச் சம்பளத்துக்கு உரியவரானவரை, தங்கும் அனுமதி இல்லையென்ற காரணத்தால் தள்ளுவது கட்டளையின் நோக்கத்துக்கே விரோதம்.

நாட்டில் தங்குவது வேறு விவகாரம்; செய்த வேலைக்குக் கூலி வேறு விவகாரம் என்ற இந்தப் பாகுபாட்டை ஒவ்வொரு அகதியின் காதிலும் போட்டு வைப்பது அங்குள்ள தமிழ்ச் சங்கங்களின் கடமையென்றே நான் கருதுகிறேன்.

கூலியின் வேலிக்குள்

2022 அக்டோபரில் நிறைவேறிய போதிய குறைந்தபட்சக் கூலிக் கட்டளை, 153-ஆவது பிரிவின் வேலியை ஒட்டி நடந்தது. எவ்வளவு என்று அது சொல்லவில்லை. நாட்டின் நடுத்தரக் கூலியில் 60 சதவீதம், சராசரிக் கூலியில் 50 சதவீதம் போன்ற அளவுகோல்களை வைத்துப் போதுமானதா என்று பாருங்கள் என்றது. கூட்டு ஒப்பந்தங்களின் கீழ் வரும் தொழிலாளிகள் 80 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் அதைப் பெருக்கத் திட்டம் தீட்டுங்கள் என்றது. இதையும் எதிர்த்து டென்மார்க் 2023-இல் வழக்காடியது, தாராளமாகக் கூலி கொடுக்கும் நாடாக இருந்தும்! தொழிற்சங்கமும் எஜமானர் சங்கமும் தாமே கூலியை நிர்ணயிக்கும் தங்கள் மரபுக்குள் பிரஸல்ஸ் நுழையலாகாது என்பது அவர்கள் வாதம். வாக்ஸ்ஹோல்மை நினைப்பவர்கள் அந்த அச்சத்தைப் புரிந்துகொள்வார்கள். 2025 நவம்பர் 11 அன்று வந்த தீர்ப்பு கட்டளையின் பெரும்பகுதியை நிலைநாட்டி, கூலியை நிர்ணயிக்கக் கட்டாயமாகக் கணக்கிலெடுக்க வேண்டிய அம்சங்களின் பட்டியலையும், விலைவாசியோடு தானாக மாறும் கூலியைக் குறைக்கலாகாது என்ற விதியையும் மட்டும் ரத்து செய்தது.

சம ஊதியம் மீண்டும் வந்திருக்கிறது. 2023-ஆம் வருஷத்துச் சம்பள வெளிப்படைத்தன்மைக் கட்டளைக்குக் கெடு 2026 ஜூன் 7. வேலைக்கு வருபவரிடம் முந்தைய சம்பளம் என்னவென்று கேட்கக் கூடாது. கொடுக்கப்போகும் சம்பளத்தை முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஒரே தரமான வேலையில் ஆண் பெண் சம்பள வித்தியாசம் 5 சதவீதத்துக்குக் குறையாமலிருந்து, அதற்கு நியாயமான காரணம் காட்டவோ சரிசெய்யவோ முடியாவிட்டால், தொழிலாளர் பிரதிநிதிகளோடு அமர்ந்து ஆராய வேண்டும். ஹெர்ஸ்டாலின் பெண்கள் தங்களுக்கு எவ்வளவு குறைவு என்று அறிந்திருந்தார்கள். மாதச் சம்பளத்தை ரகசியமாக வைக்கும் இக்காலத்து அலுவலகங்களில் அந்த அறிவே பெரும்பாலோருக்கு இல்லை.

கைப்பேசிக்குள் இருக்கும் எஜமானர்

பெர்லின் வீதிகளில், முதுகில் பெட்டியும் சைக்கிளுமாக உணவு கொண்டு செல்பவர்களுள் மேற்படிப்புக்குப் போன இந்திய மாணவர்கள் பலர். இப்படிச் செயலிகள் வழியே வேலை பெறுவோர் ஒன்றியத்தில் சுமார் 2.8 கோடி பேர் என்று ஐரோப்பிய ஆணையம் மதிப்பிட்டது. ஜன்னல் விற்ற கிங்கைப் போலவே இவர்களுள் மிகப் பலர் ஏட்டில் ‘சுயதொழில் செய்பவர்கள்’. ஸ்பெயின் 2021-இலேயே டெலிவரி செய்பவர்களைத் தொழிலாளிகளாகக் கருதும் சட்டம் இயற்றியது. ஒன்றியம் முழுமைக்குமான கட்டளை, அரசுகளின் இழுபறியைக் கடந்து, 2024 அக்டோபரில் நிறைவேறியது. சட்டமாக்கக் கெடு 2026 டிசம்பர் 2.

கம்பெனி கட்டுப்படுத்தி நடத்துகிறது என்பதற்கு அடையாளங்கள் இருந்தால் அவர் தொழிலாளியென்றே அனுமானிக்க வேண்டும். இல்லையென்று நிரூபிக்கும் பொறுப்பு கம்பெனியுடையது. பதின்மூன்று வருஷம் ஒரு மனிதர் சுமந்த பாரம் இவ்வாறு தோள் மாறுகிறது. ஆனால் எந்த அடையாளங்கள் போதும் என்பதை ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தாலேயே தீர்மானிக்க விட்டுவிட்டார்கள். இதுதான் சமரசத்தின் விலை. பெர்லினில் தொழிலாளியாகக் கருதப்படுபவர் ஏதென்ஸில் அப்படிக் கருதப்படாமற் போகலாம். ஆகவே மீண்டும் வழக்குகள் வரும், மீண்டும் லக்சம்பர்க் செல்லும்.

கம்ப்யூட்டர் நிரல்கள் பற்றிய பகுதி அவ்வளவு நெகிழவில்லை. தொழிலாளியின் மனநிலையை ஊகிக்கும் தகவல்களையும் அவருடைய தனிப்பட்ட உரையாடல்களையும் நிரல் கையாளக் கூடாது. கணக்கை முடக்குவதோ வேலையிலிருந்து நீக்குவதோ ஒரு மனிதர் எடுத்த முடிவாகவே இருக்க வேண்டும். அந்த முடிவு அமலாகும் நாளுக்குள் காரணம் எழுத்து மூலம் தரப்பட வேண்டும்; தொழிலாளி மறுபரிசீலனை கேட்டால் இரண்டு வாரத்துக்குள் பதில் வர வேண்டும். தம்மைச் சுயதொழில் செய்பவர் என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கும் மாணவருக்கும் இந்தக் காரணம் கேட்கும் உரிமை உண்டு.